விளம்பரத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: பங்க்குக்கு இடம் குறிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் புதிய பெட்ரோல் பங்க்குகளுக்கு இடம் பார்க்கும் விற்பனைப் பிரிவு அதிகாரிகளுக்கு,



திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கணிதம் படித்தவன், பூ விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். உங்களிடம் கேட்க நினைப்பது ஒன்றே ஒன்று. புதிய பங்க்குகளுக்கு விண்ணப்பம் கேட்டு நீங்கள் வெளியிடும் அறிவிப்பில் ஒரு பட்டியல் இருக்கும். இடத்தின் பெயர், வருவாய் மாவட்டம், வழக்கமான பங்க்கா கிராமப்புற பங்க்கா, மாதம் எத்தனை கிலோலிட்டர் விற்கும் என்ற மதிப்பீடு, எந்தப் பிரிவினருக்கு ஒதுக்கீடு, மனை அளவு, குலுக்கலா ஏலமா என்று கட்டம் கட்டமாகப் போட்டிருப்பீர்கள். அதில் ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது: இந்த இடத்தில் பங்க் வந்தால் எத்தனை பேருக்கு எத்தனை கிலோமீட்டர் மிச்சம்? அந்தக் கட்டத்தைச் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதைக் கேட்கும் இடம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கிழக்கே கொடைரோடு. அதை ஒட்டி நாட்டின் வடகோடியையும் தென்கோடியையும் இணைக்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை. அங்கிருந்து பள்ளபட்டி சிப்காட்டைத் தாண்டி நிலக்கோட்டை, பிறகு வத்தலக்குண்டு, அப்புறம் கொடைக்கானல் மலைப்பாதை. சீசனில் இந்தச் சாலையில் வெளியூர் வண்டிகள் இடைவெளி இல்லாமல் போகும். சாலையை விட்டு இறங்கினால் வேறு உலகம். தெற்கே விளாம்பட்டி, ராமராஜபுரம், அணைப்பட்டி என்று வைகைக் கரை வரைக்கும், வடக்கே சிலுக்குவார்பட்டிப் பக்கமும், மல்லிகையும் தென்னையும் காய்கறியும் விளையும் ஊர்கள். மல்லிகை மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் பூ நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் விலை இறங்கிவிடும். நேரத்தோடு ஓடும் இந்தப் பிழைப்பு முழுக்க டூவீலரையும் மினி வேனையும் நம்பி இருக்கிறது. டிராக்டர், பவர் டில்லர், மருந்து தெளிக்கும் எந்திரம் எல்லாம் இதற்கு மேல்.

நீங்கள் இடம் பார்க்கும் முறை எனக்கு ஓரளவு தெரியும். சாலையோரம் நின்று ஓடும் வண்டிகளை எண்ணுகிறீர்கள். சுற்றுவட்டார பங்க்குகளின் மாத விற்பனையைப் பார்க்கிறீர்கள். அதை வைத்து இங்கே இவ்வளவு கிலோலிட்டர் போகும் என்று கணிக்கிறீர்கள். ஒரு பங்க் எவ்வளவு விற்கும் என்று தெரிந்துகொள்ள இது சரியான முறைதான். அந்த பங்க் யாருக்குப் பயன்படும் என்பதை இந்த முறையால் சொல்ல முடியாது. பங்க் இல்லாத ஊரில் விற்பனை எண் பூஜ்யம். போக்குவரத்தை எண்ணப் போனாலும் குறைவாகத்தான் வரும். ஏற்கனவே எங்கே பங்க் இருக்கிறதோ அங்கேதான் மறுபடியும் பங்க் வைக்கச் சொல்லும் அளவுகோல் இது.

எரிபொருளை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வியிலிருந்தே ஒரு கணிதத் துறை கிளைத்தது என்பதை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் சிம்ப்ளெக்ஸ் என்ற கணித முறையைக் கண்டுபிடித்தவர். அவரும் ராம்சர் என்பவரும் சேர்ந்து 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு எண்ணெய் டெர்மினலிலிருந்து பல பங்க்குகளுக்குப் போகும் டேங்கர் லாரிகளை எந்த வழியில் அனுப்பினால் மொத்த ஓட்டம் குறையும் என்பதே அதன் பொருள். இன்று கூரியர்காரர் முதல் குப்பை வண்டி வரை உலகம் முழுவதும் பயன்படும் வழித்தடத் திட்டக் கணக்குகளுக்கெல்லாம் மூலம் அந்தப் பெட்ரோல் லாரிக் கணக்குத்தான். அடுத்து, எங்கே வைப்பது என்ற கேள்வி. ஹக்கிமி என்பவர் 1965-இல் ஓர் அருமையான உண்மையை நிறுவினார். சாலை வலையில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நிலையங்களை வைத்து மக்களின் மொத்த நடையை மிகக் குறைவாக்க வேண்டுமானால், சாலையின் ஒவ்வொரு அங்குலத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. ஊர்களையும் சாலைகள் கூடும் இடங்களையும் மட்டும் பார்த்தாலே போதும். மிகச் சிறந்த விடைகளில் ஒன்றாவது அங்கே கிடைத்தே தீரும்.

அப்படிக் குறைத்த பிறகும் கணக்கு சிறியதல்ல. 20 ஊர்களில் 5 ஊர்களைத் தேர்ந்தெடுக்க 15,504 வழிகள் உண்டு. 40 ஊர்களில் 8 என்றால் 7 கோடியே 69 லட்சத்துக்கும் மேல். கையால் முடியாது. ஆனால் இன்றைய சாதாரண மடிக்கணினியே இதைப் போட்டுவிடும். சிக்கல் கணினியில் இல்லை. எதைக் குறைக்கச் சொல்கிறோம், எதைக் கூட்டச் சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. நிலவரம் எங்கள் பக்கத்து நிலவரம்.

கடைவீதியும் சந்தையும் உள்ள ஒரு பேரூர், அதற்கு அ என்று பெயர். அங்கிருந்து ஒரு கிராமச் சாலை போகிறது. 3-ஆவது கிலோமீட்டரில் ஆ, 5-இல் இ, 9-இல் ஈ, 14-இல் உ என்று நான்கு கிராமங்கள். அ-வில் 600 வண்டிகள், ஆ-வில் 150, இ-யில் 100, ஈ-யில் 100, உ-வில் 50. ஆக மொத்தம் 1,000 உள்ளூர் வண்டிகள். இவை போக, மலைக்குப் போகும் வெளியூர் வண்டிகள் 1,000 அ-வின் வழியாகப் போகின்றன. அவை பக்கத்துக் கிராமச் சாலையில் திரும்புவதே இல்லை. பங்க் ஒன்றே ஒன்று, அதுவும் அ-வில். ஒவ்வொரு உள்ளூர் வண்டியும் ஒரு முறை வந்து பெட்ரோல் போட்டால், ஒரு வழிக்கு மொத்தம் 2,550 கிலோமீட்டர் ஆகிறது.

இரண்டாவது பங்க் எங்கே வைக்கலாம்? மக்களின் மொத்த ஓட்டம் குறைய வேண்டும் என்றால் விடை ஈ. 2,550 என்பது 1,100 ஆகிவிடும். இ-யில் வைத்தால் 1,150, பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கடைசி ஊரான உ-வுக்கு, இ-யில் வைத்தால் இன்னும் 9 கிலோமீட்டர், ஈ-யில் வைத்தால் 5. மொத்தத்தைப் பார்த்தாலும் கடைக்கோடியைப் பார்த்தாலும் ஈ-தான் நல்ல இடம்.

இப்போது அதே கணக்கை விற்பனையை மட்டும் பார்த்துப் போடுங்கள். முதல் பங்க் ஒரு நிறுவனத்துடையது, இரண்டாவது வேறு நிறுவனத்துடையது. இரண்டாமவர் அ-விலேயே, முதல் பங்க்குக்கு எதிரில் வைத்தால், உள்ளூரும் வெளியூரும் சேர்ந்த 2,000 வண்டிகளில் பாதி, அதாவது 1,000 வண்டிகள் அவருக்கு வரும். ஆ-விலோ இ-யிலோ வைத்தால் 400. ஈ-யில் வைத்தால் 250. எந்த அதிகாரியாக இருந்தாலும் அ-வைத்தான் குறிப்பார். மூன்றாவது நிறுவனம் வருகிறது. அ-வில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 667. அதுவும் 400-ஐ விட அதிகம். மறுபடியும் அ. நான்காவது பங்க்குக்கு 500. அப்போதும் அ-தான். ஐந்தாவது பங்க் வரும்போதுதான் அ-வும் கிராமச் சாலையும் சமமாகின்றன. அ-வில் நான்கு பங்க்குகள் எதிரெதிரே நிற்கும். உ-விலிருந்து வருபவருக்குத் தூரம் ஓர் அடிகூடக் குறைந்திருக்காது. 2,550 அப்படியே 2,550 ஆகவே இருக்கும்.

இந்தக் கணக்கில் யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் நிறுவனத்துக்குச் சரியான விடையைத்தான் கண்டிருக்கிறார்கள். போட்டியாளர்கள் ஏன் ஒருவர் பக்கத்தில் ஒருவர் போய் உட்காருகிறார்கள் என்பதை ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் 1929-இலேயே விளக்கிவிட்டார். இரண்டு கடைக்காரர்களும் கூட்டத்தை அள்ள நடுவுக்கு நகர்ந்துகொண்டே போவார்கள், ஓரத்தில் இருப்பவர்களுக்கு நடை கூடும் என்றார் அவர். தனியார் கடைகளுக்கு இதைச் சொல்லி நகர்ந்துவிடலாம். நீங்கள் மூவரும் தனியார் அல்ல. எஸ்ஸோவை 1974-இலும், பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகியவற்றை 1976-இலும் அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து நாட்டின் பெரும்பாலான பங்க்குகளின் மேல் பொதுத்துறைப் பெயர்தான் இருக்கிறது. மூன்று பொதுத்துறை நிறுவனங்கள் ஒரே முச்சந்தியில் ஒன்றின் வாடிக்கையாளரை இன்னொன்று இழுத்துக்கொள்வதால் மக்களுக்கும் அரசுக்கும் சேரும் லாபம் என்ன? எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

கணக்கின் இன்னொரு பக்கம் லாரி. ஈ-யில் பங்க் வைத்தால் டேங்கர் லாரி அ-விலிருந்து 9 கிலோமீட்டர் கூடுதலாகப் போக வேண்டும், திரும்பி வர 9. லோடு ஒன்றுக்கு 18 கிலோமீட்டர் அதிகம். இது உங்கள் போக்குவரத்துச் செலவில் பளிச்சென்று தெரியும். 12,000 லிட்டர் லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு தடவைக்கு 3 லிட்டர் போடுகிறார் என்றால் அந்த லோடு 4,000 பேருக்கு வரும். ஈ பங்க்குக்கு வரும் 250 வண்டிகளுக்கும் போக வர மிச்சமாகும் தூரத்தைக் கூட்டி வகுத்தால், தடவைக்குச் சராசரியாக 11.6 கிலோமீட்டர். 4,000 தடவைக்கு 46,400 கிலோமீட்டர். ஒரு டூவீலர் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் என்று தாராளமாக வைத்தாலும் 928 லிட்டர். பெட்ரோல் போடுவதற்காகவே எரியும் பெட்ரோல் இது. லாரியின் 18 கிலோமீட்டர் உங்கள் பேரேட்டில் ஏறுகிறது. எங்கள் 46,400 கிலோமீட்டர் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. நான் கேட்கும் கட்டம் இந்த எண்ணுக்கானது.

சென்னை மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்கு 683 கிலோமீட்டர் குழாய் பதித்திருக்கிறீர்கள். லாரியிலும் ரயிலிலும் கொண்டுவருவதை விட அது எவ்வளவு மலிவு என்று பைசா சுத்தமாகக் கணக்குப் பார்த்துத்தான் பதித்திருப்பீர்கள். திருமங்கலம் பக்கத்துக் கப்பலூர் டெர்மினலிலிருந்து எந்த லாரி எந்த பங்க்குக்கு எப்போது போக வேண்டும் என்பதும் கணினிக் கணக்குத்தான். அவ்வளவு தூரம் கணக்காக வந்த எண்ணெய் கடைசி 9 கிலோமீட்டரில் மட்டும் விவசாயியின் பொறுப்பாகிவிடுகிறது.

இங்கே நீங்கள் ஒரு மறுப்புச் சொல்வீர்கள், அதில் நியாயம் உண்டு. கிராமத்துக்காரர் பெட்ரோல் போடுவதற்கென்றே டவுனுக்கு வருவதில்லை. பூவைக் கொண்டுவருகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார், பேங்க்குக்குப் போகிறார், அப்படியே பெட்ரோலும் போட்டுக்கொள்கிறார். அவருக்கு அது கூடுதல் தூரமே அல்ல என்பீர்கள். கணிதத்திலும் இதற்கு இடம் உண்டு. வீட்டிலிருந்து அளப்பதற்குப் பதிலாக, போகிற வழியில் எத்தனை பயணங்களைப் பிடிக்க முடியும் என்று அளக்கும் முறையை ஹாட்ஜ்சன் என்பவர் 1990-இல் வகுத்தார். 2005-இல் கூபியும் லிம்மும், ஒரு தடவை நிரப்பினால் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் அதில் சேர்த்தார்கள்.

சரி, பாதிப் பேர் வேறு வேலைக்கு வரும் வழியில்தான் போடுகிறார்கள் என்று கழித்துவிடுங்கள். அப்போதும் ஒரு லோடுக்கு 23,200 கிலோமீட்டர் நிற்கிறது. அதோடு, பூ விவசாயிகள் எல்லோரும் தினமும் சந்தைக்கு வருகிறவர்கள் அல்ல. பல ஊர்களில் பூவை மூட்டையாகக் கட்டி ஒரே வண்டியில் ஏற்றி விட்டுவிடுவார்கள். கமிஷன் கடைச் சீட்டும் பணமும் பிறகு வந்து சேரும். டீசலுக்கு இந்த வாதம் அறவே பொருந்தாது. டிராக்டர் உழவு மணிக்கணக்குக்கு வாடகை. டீசல் தீர்வது உழவின் நடுவில். காலைச் சந்தை நடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளைக் கேனை டூவீலரின் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டு ஒருவர் ஓட வேண்டும், டிராக்டர் வரப்போரம் நிற்க வேண்டும். உங்கள் சாலையோர எண்ணிக்கையில் இது ஒரு டூவீலர் என்றுதான் பதிவாகும். அவர் வாங்கிப் போவது 20 லிட்டர் டீசல்.

இதை விடக் கவலை தருவது பாட்டில் பெட்ரோல். பங்க் தொலைவில் உள்ள ஊர்களில் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த பெட்ரோலைப் பார்க்காத அதிகாரி உங்களில் ஒருவரும் இருக்க முடியாது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், சொந்த உபயோகத்துக்கு, விற்பனை நோக்கமில்லாமல், உரிய கலனில் 30 லிட்டருக்கு மேற்படாமல் பெட்ரோல் வைத்துக்கொள்ள மட்டுமே உரிமம் இல்லாமல் விடுகிறது. பாட்டிலில் வைத்து விற்பது குற்றம், அதை விட ஆபத்து. பக்கத்திலேயே விளக்கு ஏற்றுவார்கள், பீடி பற்ற வைப்பார்கள், சின்னப் பிள்ளைகள் மிட்டாய்க்கு நிற்பார்கள். போலீஸ் அவ்வப்போது வந்து பிடிக்கும். கொஞ்ச நாளில் பாட்டில் மறுபடி தொங்கும். தேவை அங்கேயே இருப்பதால் தொங்குகிறது. இடத் தேர்வு சரியாக அமையாத ஊரில் சந்தை தானே முளைக்க வைக்கும் பங்க் இது. இது எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்தாலே உங்களுக்கு ஒரு வரைபடம் கிடைத்துவிடும். கணினி கூடத் தேவையில்லை.

விதிகளைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பங்க் எதற்கு அருகில் இருக்கக் கூடாது என்பதற்கு நிறைய விதி உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வகுத்த நெறிமுறைப்படி பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து புதிய பங்க் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு பங்க்குக்கும் இன்னொன்றுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறை சொல்கிறது. இவை எல்லாம் தேவைதான். மக்களிடமிருந்து இத்தனை கிலோமீட்டருக்கு மேல் பங்க் தொலைவாக இருக்கக் கூடாது என்று ஒரு விதிகூடக் கிடையாது.

தமிழ்நாட்டுக்கு அப்படியொரு விதி புதிதல்ல. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்ற காமராசர் காலத்துக் கொள்கையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எந்த ஊரும் குறிப்பிட்ட தூரத்துக்கு வெளியே விடுபடக் கூடாது, அதற்குக் குறைந்தது எத்தனை நிலையங்கள் வேண்டும் என்ற கேள்வியைக் கணிதக்காரர்கள் 1971-இல்தான் முறையான சமன்பாடாக எழுதினார்கள். பணம் போதாதபோது, இருக்கிற எண்ணிக்கையை வைத்து அதிகம் பேரை அந்தத் தூரத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்பதை 1974-இல் சர்ச்சும் ரெவெல்லும் எழுதினார்கள். இங்கே ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடம் திறந்தவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருந்தார்கள். இன்றைய கல்வி உரிமைச் சட்டமும் ஒரு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று தூரத்தை வைத்துத்தான் பள்ளியைக் கேட்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பதும் இதே வகைக் கணக்கு.

உங்கள் நிறுவனங்களுக்கும் இது புதிதல்ல. சமையல் எரிவாயுவில் நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். 2009-இல், 2015-க்குள் மக்கள்தொகையில் 75 சதவீதத்துக்கு கேஸ் கொண்டு சேர்ப்பது என்று இலக்கு வைத்துக்கொண்டு, ராஜீவ் காந்தி கிராமிய விநியோகத் திட்டத்தின் கீழ் சிறிய ஏஜென்சிகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனீர்கள். அங்கே விற்பனையை மட்டும் பார்த்திருந்தால் டவுன் ஏஜென்சிக்கு மேல் டவுன் ஏஜென்சிதான் வந்திருக்கும். எத்தனை பேரைச் சென்றடைகிறது என்று பார்த்ததால்தான் எங்கள் பக்கத்து அடுப்படிகளில் விறகுப் புகை குறைந்தது. 2018-இல் மின்வாகன சார்ஜிங் நிலையங்களுக்கு மத்திய மின் அமைச்சகம் வகுத்த நெறிமுறையும் தூரத்தில்தான் தொடங்கியது: நகரங்களில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்குக் குறைந்தது ஒன்று, நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. இன்னும் பெரும்பாலோர் வாங்காத வண்டிக்கு உச்சத் தூரம் இருக்கிறது. எல்லோரும் ஓட்டும் வண்டிக்கு இல்லை. 2019 நவம்பரில் எரிபொருள் விற்பனை உரிமத்தைத் தளர்த்தியபோது, புதிதாக வரும் நிறுவனங்கள் ஐந்து ஆண்டுக்குள் தங்கள் பங்க்குகளில் 5 சதவீதத்தைத் தொலைதூரப் பகுதிகளில் வைக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது. நல்ல நிபந்தனை. ஆனால் தொலைவை ஒவ்வொரு ஊரிலிருந்தும் அளக்காதவரை அந்த 5 சதவீதம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிராமத்து பங்க் கட்டுப்படியாகாது என்று டீலர்கள் சொல்வது பொய்யல்ல. டீலருக்கு லிட்டருக்குக் கிடைப்பது சில ரூபாய் கமிஷன். விற்பனை குறைந்தால் ஆள் சம்பளம், கரண்டு பில், ஆவியாகும் நஷ்டம் எல்லாவற்றையும் அது தாங்காது. லோடுக்குப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். விற்காமல் நிலத்தடித் தொட்டியில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அது முடங்கிய முதல். ஈ-யில் வைக்கச் சொல்லும் கணக்கு ஈ-யில் இருக்கும் டீலரையும் வாழ வைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருடத்தில் பங்க் பூட்டிவிடும், கேன் மறுபடி டூவீலரில் ஏறிவிடும்.

அதனால் சிறியதாகவே திட்டமிடுங்கள். நெடுஞ்சாலைக்குப் போடும் அதே அளவு மனை, அதே தொட்டி, அதே முழு லாரி லோடு கிராமத்துக்கு வேண்டியதில்லை. டேங்கர் லாரியின் உள்ளே தனித்தனி அறைகள் இருக்கின்றன. ஒரே லாரி இரண்டு மூன்று சிறிய பங்க்குகளுக்குப் பிரித்து இறக்கும்படி வழித்தடம் போட்டால் ஒவ்வொரு டீலரும் முடக்க வேண்டிய பணம் குறையும். இது 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையின் அதே கணக்குத்தான், இடத்தையும் வழியையும் சேர்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கூட்டுறவுச் சங்கங்கள் தமிழ்நாட்டில் பங்க் நடத்தி வருகின்றன. கிராமத்திலேயே கட்டடமும் கணக்கரும் உறுப்பினர்களும் உள்ள தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தனி டீலரை விடச் செலவு குறைவு. பங்க் வைக்கவே முடியாத ஊர்களுக்கு, டீசலை வண்டியில் கொண்டுபோய் ஊற்றும் முறை 2018-இலேயே புனேயிலும் சென்னையிலும் சோதனையாகத் தொடங்கிவிட்டது. உழவுக் காலத்தில் வாரம் இரண்டு நாள் குறித்த நேரத்துக்கு வரும் ஒரு டீசல் வண்டி, நிலையான பங்க் செய்யும் வேலையில் பெரும்பங்கைச் செய்துவிடும். 2024 அக்டோபர் இறுதியில் மாநிலத்துக்குள்ளான போக்குவரத்துக் கட்டணத்தைச் சீரமைத்து, டிப்போவிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களில் விலையைக் குறைத்தீர்கள். தொலைவின் சுமையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்ட செயல் அது. விலையில் ஒப்புக்கொண்டதை இடத்திலும் ஒப்புக்கொள்ளுங்கள்.

மின்வண்டி வந்துகொண்டிருக்கும்போது புது பங்க் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வரட்டும், நல்லது. ஆனால் டிராக்டரும் பவர் டில்லரும் மினி வேனும் டவுன் ஸ்கூட்டருக்குப் பின்னால்தான் மாறும். பங்க் குறையும் காலம் வந்தாலும் எதை மூடுவது என்று இதே கணக்கைப் போட வேண்டியிருக்கும். விற்பனையை மட்டும் பார்த்தால் முதலில் மூடப்படுவது ஈ-யாகத்தான் இருக்கும்.

நாட்டில் பங்க்குகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. இனி எத்தனை என்பதை விட எங்கே என்பதுதான் கேள்வி. உங்களிடம் எல்லாத் தரவும் இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கும் நிற்கும் இடம், ஒவ்வொரு லாரியின் ஜிபிஎஸ் தடம், ஒவ்வொரு நாளின் விற்பனை. ஊர்வாரியாக மக்கள்தொகை அரசிடம் இருக்கிறது, வண்டிப் பதிவு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருக்கிறது. விடுபடுவது கேன் நடையும் பாட்டில் பெட்ரோலும் மட்டுமே. அதைக் கிராம சபையில் கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் அங்கே எழுந்து நின்று கணக்குச் சொல்பவர்கள். டீசலுக்கும் சொல்வார்கள்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். புதிய இடங்களை அறிவிக்கும் முன் மூன்று நிறுவனங்களும் ஒரு வட்டத்தின் வரைபடத்தை ஒரே மேசையில் விரித்து ஒரே கணக்காகப் போடுங்கள். சமவெளியில் எந்த வருவாய்க் கிராமமும் பங்க்கிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஓர் எண்ணை அறிவியுங்கள். அது 5 ஆக இருக்கட்டும், 7 ஆக இருக்கட்டும், எண் என்று ஒன்று வேண்டும். அடுத்த விளம்பரத்தில், மாத விற்பனை மதிப்பீட்டுக் கட்டத்துக்குப் பக்கத்தில், அந்த இடத்தால் மக்களுக்கு மிச்சமாகும் கிலோமீட்டரையும் அச்சிடுங்கள். தொடங்கிப் பார்க்க ஒரு வட்டம் வேண்டுமென்றால் நிலக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை, சிப்காட், மலைக்குப் போகும் சுற்றுலாச் சாலை, ஆற்றங்கரைக் கிராமம், விடியலில் திறக்கும் சந்தை எல்லாம் ஒரே வட்டத்தில் இருக்கின்றன. இங்கே சரியாக வரும் கணக்கை எந்தச் சமவெளி வட்டத்துக்கும் எடுத்துப் போகலாம். ஊர் ஊராக வந்து எண்ணிக் கொடுக்க இங்கே கணிதம் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நிலக்கோட்டைவாசி ஒருவர்